ஒரு சிறிய கிளாஸை எதை வைத்துச் சோதிப்பது: பிரிண்ட், அசெர்ட், டாக்டெஸ்ட், யூனிட்டெஸ்ட், பைடெஸ்ட்

பைத்தானில் முதல் கிளாஸை எழுதி முடித்த கையோடு வருகிற கேள்வி இது. சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? நாலு பிரிண்ட் போட்டுப் பார், போதும் என்பார் ஒருவர். பைடெஸ்ட் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதே என்பார் இன்னொருவர். எந்த கிளாஸ், யார் படிக்கப் போகிறார்கள், எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

அசெர்ட் என்பது நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் பைத்தான் கட்டளை. டாக்டெஸ்ட், யூனிட்டெஸ்ட், பைடெஸ்ட் மூன்றும் சோதனைகளை ஓட்டித் தரும் கருவிகள். பிரிண்டையும் சேர்த்து ஐந்து வழிகளையும் ஒரே கிளாஸின் மேல் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

## சோதிக்கப் போகும் கிளாஸ்

தண்ணீர்த் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளாஸின் பெயர் ‘தொட்டி’. கன்ஸ்ட்ரக்டருக்குக் கொள்ளளவைக் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் அளவு 0-இல் தொடங்கும். ‘நிரப்பு’, ‘எடு’, ‘இருப்பு’ என்று மூன்று மெத்தட்கள். விதிகள் நான்கு:

- கொள்ளளவு 0 அல்லது அதற்குக் கீழே என்றால் வேல்யூ எர்ரர்.
- நிரப்பும் அளவோ எடுக்கும் அளவோ 0 அல்லது அதற்குக் கீழே என்றால் வேல்யூ எர்ரர்.
- நிரப்பினால் கொள்ளளவைத் தாண்டும் என்றால் வேல்யூ எர்ரர். இருப்பு மாறக் கூடாது.
- இருப்பதைவிட அதிகமாக எடுக்கப் பார்த்தாலும் அப்படியே.

மொத்தம் 20 வரிக்குள் அடங்கிவிடும். ஆனாலும் தடுக்கி விழ இடம் நிறைய. உள்ளே வைக்கும் மதிப்புக்கும் ‘இருப்பு’ என்றே பெயர் வைத்தால், அது அதே பெயர் கொண்ட மெத்தடை மறைத்துவிடும். பிறகு மெத்தடைக் கூப்பிட்டால் ‘இன்ட்டைக் கூப்பிட முடியாது’ என்று டைப் எர்ரர் வரும். அதனால் உள்ளே இருப்பதற்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு வைப்பது வழக்கம்.

தசம எண்ணில் இன்னொரு சிக்கல். கொள்ளளவு 0.3 லிட்டர் என்று ஒரு தொட்டி செய்து, முதலில் 0.1, அடுத்து 0.2 நிரப்பிப் பாருங்கள். சரியாக நிரம்ப வேண்டிய தொட்டி எர்ரர் கொடுக்கும். பைத்தானின் ஃப்ளோட் கணக்கில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004, அது 0.3-ஐத் தாண்டிவிட்டது. எந்த டெஸ்ட் கருவியும் இதைச் சரிசெய்யாது, காட்டிக்கொடுக்க மட்டும் செய்யும். மில்லிலிட்டரில் முழு எண்ணாக வைத்துக்கொள்வதுதான் மருந்து.

பைத்தான் 3-இல் கிளாஸ், மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். இந்த வசதிக்குள் ஒரு பொறியும் உண்டு. யூனிட்டெஸ்ட் பகுதியில் அது வரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, தீர்ப்பு யாருடையது? திரையைப் பார்த்து மனிதர் முடிவு செய்கிறாரா, நிரலே சொல்கிறதா?

இரண்டாவது, ஒவ்வொரு சோதனையும் புதுத் தொட்டியில் தொடங்குகிறதா? ஃபங்ஷனைச் சோதிப்பதற்கும் கிளாஸைச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாடே இதுதான். ஆப்ஜெக்டுக்கு ஞாபகம் உண்டு. முந்தைய சோதனை ஊற்றிய 300 லிட்டர் அடுத்த சோதனையின் கணக்கைக் கெடுக்கும்.

மூன்றாவது, தோற்றால் என்ன சொல்கிறது? ‘தவறு’ என்று மட்டும் சொல்வதற்கும் ‘500 வர வேண்டிய இடத்தில் 300 வந்தது’ என்று சொல்வதற்கும் அரைமணி நேர வேலை வித்தியாசம்.

நான்காவது, எர்ரர் வர வேண்டிய இடத்தில் வருகிறதா என்று எளிதாகச் சோதிக்க முடிகிறதா? நம் நான்கு விதிகளும் எர்ரரைப் பற்றியவை.

ஐந்தாவது, தொடங்க என்ன செலவு? நிறுவல், கற்றல், கோப்பு அமைப்பு.

ஆறாவதைப் பலரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதல். இந்த வழி எப்படி ஏமாற்றும்? எதையுமே சோதிக்காமல் ‘எல்லாம் சரி’ என்று சொல்லும் வாய்ப்பு ஐந்துக்கும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதத்தில். அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

| வழி | தீர்ப்பு | புது ஆப்ஜெக்ட் | தோல்விச் செய்தி | எர்ரர் சோதனை | நிறுவல் | ஏமாற்றும் விதம் |
|---|---|---|---|---|---|---|
| பிரிண்ட் | கண் | நீங்களே செய்ய வேண்டும் | இல்லை | டிரை, எக்ஸெப்ட் எழுத வேண்டும் | வேண்டாம் | பார்க்காமல் விட்ட வரி |
| வெறும் அசெர்ட் | நிரல் | நீங்களே | வரி மட்டும், மதிப்பு இல்லை | டிரை, எக்ஸெப்ட் | வேண்டாம் | அடைப்புக்குறி, மைனஸ் ஓ |
| டாக்டெஸ்ட் | நிரல் | டாக்ஸ்ட்ரிங்குக்கு ஒன்று | எதிர்பார்த்தது, வந்தது | முடியும், செய்தி எழுத்துக்கு எழுத்து | வேண்டாம் | மௌனமே வெற்றி |
| யூனிட்டெஸ்ட் | நிரல் | செட்அப் மூலம் | சரியான மெத்தடைத் தேர்ந்தால் நன்று | நன்று | வேண்டாம் | பெயர் பொருந்தாத டெஸ்ட் |
| பைடெஸ்ட் | நிரல் | ஃபிக்ஸ்சர் மூலம் | மிக நன்று | நன்று | வேண்டும் | பெயர் பொருந்தாத கோப்பு |

## பிரிண்ட்

கிளாஸுக்குக் கீழே ஒரு தொட்டியைச் செய்து, 300 ஊற்றி, இருப்பைத் திரையில் காட்டுவது. கிளாஸ் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் பத்து நிமிடத்துக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. மெத்தட் எதைத் திருப்பித் தரும் என்று நமக்கே முடிவாகாத நேரத்தில் முறையான டெஸ்ட் எழுதுவது வீண்.

செலவு பிறகு வரும். இரண்டு வாரம் கழித்துத் திரையில் 300, 500, 0 என்று மூன்று எண் ஓடினால், அவை சரியா தப்பா என்று யாருக்கு நினைவிருக்கும்? இன்னொரு மறைமுகச் செலவு கிளாஸின் வடிவத்தையே கெடுப்பது. பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ‘இருப்பு’ மெத்தடுக்குள்ளேயே பிரிண்ட் போட்டுவிடுவார்கள், ரிட்டர்ன் இருக்காது. பிறகு எந்தக் கருவியை வைத்துச் சோதித்தாலும் அந்த மெத்தட் ‘நன்’ (None, அதாவது மதிப்பு ஒன்றுமில்லை) என்றுதான் திருப்பித் தரும். மெத்தட் மதிப்பைத் திருப்பித் தரட்டும். காட்டுவது வெளியே இருப்பவர் வேலை.

பிரிண்ட் வரிகளை ‘இந்தக் கோப்பை நேரடியாக ஓட்டினால் மட்டும்’ என்று சோதிக்கும் மெயின் நிபந்தனைக்குள் வைக்கவும். இல்லையென்றால் வேறொரு கோப்பு இந்த கிளாஸை இம்போர்ட் செய்யும்போதெல்லாம் எண்கள் கொட்டும்.

## வெறும் அசெர்ட்

அதே வரிகளில் பிரிண்ட் இருந்த இடத்தில் அசெர்ட். இருப்பு 300-க்குச் சமமா என்று நிரலே பார்க்கும், இல்லையென்றால் நின்றுவிடும். ஒரே வார்த்தை மாற்றத்தில் தீர்ப்பு கண்ணிலிருந்து நிரலுக்குப் போய்விட்டது. பிரிண்டிலிருந்து ஏற வேண்டிய முதல் படி இது. பலருக்கு நீண்ட நாள் இதுவே போதும்.

குறைகள் மூன்று. முதல் தோல்வியிலேயே நின்றுவிடுவதால் மிச்சம் பத்து சோதனைகளின் கதி தெரியாது. தோற்ற வரியைக் காட்டும், ஆனால் 300-க்குப் பதில் என்ன வந்தது என்று சொல்லாது. மூன்றாவதுதான் ஏமாற்று: நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டால் அது டியூப்பிள் ஆகிவிடும். காலியில்லாத டியூப்பிள் எப்போதும் உண்மை, ஆகவே அந்த அசெர்ட் தோற்கவே தோற்காது. பைத்தான் ஓர் எச்சரிக்கை காட்டும்; அதைப் படிக்காமல் தள்ளிவிட்டால் அவ்வளவுதான்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அசெர்ட் டெஸ்டில் இருக்கலாம், கிளாஸுக்குள் விதியைக் காக்கும் காவலாக இருக்கக் கூடாது. பைத்தானை மைனஸ் ஓ (-O) என்ற விருப்பம் கொடுத்து ஓட்டினால் எல்லா அசெர்ட்டும் காணாமல் போகும். தொட்டி கொள்ளளவுக்கு மேல் சத்தமில்லாமல் நிரம்பும். கிளாஸுக்குள் இஃப் போட்டு ரெய்ஸ் செய்வதுதான் முறை.

## டாக்டெஸ்ட்

கிளாஸின் டாக்ஸ்ட்ரிங்கில் (தொடக்கத்தில் எழுதும் விளக்க உரையில்), பைத்தான் ஷெல்லில் தட்டச்சு செய்தது போலவே மூன்று > குறி போட்டு உதாரணங்களை எழுதி, கீழே வர வேண்டிய விடையையும் எழுதிவிடுவது. டாக்டெஸ்ட் அவற்றை ஓட்டி, வந்த எழுத்தும் எழுதியிருக்கும் எழுத்தும் ஒன்றா என்று பார்க்கும். பைத்தானோடேயே வருகிறது.

கிளாஸை வேறொருவர் பயன்படுத்தப் போகிறார் என்றால் இதற்கு இணையில்லை. விளக்கம் பழசாகிப்போனால் டெஸ்ட் தோற்கும், அதனால் விளக்கம் பொய் சொல்லாது. தொட்டி கிளாஸுக்கு ஐந்தாறு வரி உதாரணம் அழகாக இருக்கும்.

அதற்கு மேல் போனால் கசக்கும். ஒப்பீடு எழுத்தளவில் நடப்பதால், மெத்தட் 300 தந்த இடத்தில் 300.0 தந்தால் தோல்வி. ரெப்ர் மெத்தட் (ஆப்ஜெக்ட் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது) எழுதாத ஆப்ஜெக்டைக் காட்டினால் நினைவக முகவரி வரும். ஒவ்வொரு முறையும் அது மாறும். எர்ரரை எதிர்பார்க்கும் உதாரணத்தில் நடுவே உள்ள ட்ரேஸ்பேக் வரிகளை அது பொருட்படுத்தாது, கடைசி வரியின் செய்தியை எழுத்துக்கு எழுத்துப் பார்க்கும். எர்ரர் செய்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றினால் டெஸ்ட் விழும்.

ஒவ்வொரு டாக்ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகத் தொடங்கும் என்றாலும், ஒன்றின் உள்ளே நிலை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வரியில் ஊற்றுவது தவறினால், கீழே இருக்கும் எல்லா எண்ணும் தவறி, ஒரே பிழைக்கு ஏழு தோல்வி வரும். முதல் தோல்வியை மட்டும் படியுங்கள்.

எல்லாம் சரியென்றால் டாக்டெஸ்ட் ஒன்றுமே சொல்லாது. உதாரணமே இல்லாவிட்டாலும் ஒன்றுமே சொல்லாது! மைனஸ் வி (-v) கொடுத்து ஓட்டி, எத்தனை சோதனை ஓடியது என்று ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.

## யூனிட்டெஸ்ட்

2001-இல் வந்த பைத்தான் 2.1 முதல் கூடவே வருவது. ஸ்மால்டாக் என்ற மொழிக்கு கென்ட் பெக் எழுதிய எஸ்யூனிட், பிறகு அவரும் எரிக் காமாவும் ஜாவாவுக்கு எழுதிய ஜேயூனிட், அந்த வழியில் வந்த பிள்ளை இது. பைத்தான் பழக்கத்துக்கு ஒட்டாமல் செட்அப், அசெர்ட்ஈக்வல் என்று நடுவில் பெரிய எழுத்து வருவது அந்தப் பரம்பரைச் சொத்து. ஜாவா அல்லது சி ஷார்ப் பக்கம் போகப் போகிறவருக்கு இங்கே கற்றது அங்கேயும் செல்லும்.

யூனிட்டெஸ்ட் தரும் டெஸ்ட்கேஸ் என்ற கிளாஸிலிருந்து ஒரு கிளாஸை உருவாக்கி, அதில் மெத்தட்களாக டெஸ்ட் எழுத வேண்டும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் செட்அப் ஓடும். அதில் 1000 கொள்ளளவில் ஒரு புதுத் தொட்டி செய்து வைத்தால், எல்லா டெஸ்டும் காலித் தொட்டியிலிருந்து தொடங்கும். நம் இரண்டாவது அளவுகோல் இதில் முழுசாக நிறைவேறுகிறது. ஒன்று மட்டும் விதிவிலக்கு. ஊற்றிய கணக்கை வைக்க ஒரு லிஸ்டைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் வைக்காமல் கிளாஸின் உடம்பிலேயே வைத்துவிட்டால், எல்லாத் தொட்டிக்கும் அந்த ஒரே லிஸ்ட்தான். செட்அப் எத்தனை புதுத் தொட்டி செய்தாலும் பழைய கணக்கு ஒட்டிக்கொண்டு வரும். தனியாக ஓட்டினால் தேறுகிற டெஸ்ட் கூட்டத்தோடு ஓட்டினால் தோற்கிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தவறுகிற இடங்கள்:

செட்அப்பில் நடு எழுத்தான யு-வைச் சிறிய எழுத்தில் எழுதினால் அது யாரும் கூப்பிடாத சாதாரண மெத்தட். தொட்டி என்ற அட்ரிபியூட் இல்லை என்று எல்லா டெஸ்டும் ஒன்றாக விழும். சத்தமாக விழுவதால் பரவாயில்லை.

இருப்பு 500-க்குச் சமமா என்று அசெர்ட்ட்ரூவுக்குள் எழுதினால், தோற்கும்போது ‘பொய் என்பது உண்மை அல்ல’ என்று தத்துவம் பேசும். அசெர்ட்ஈக்வல் எழுதினால் 300, 500 இரண்டையும் காட்டும்.

எர்ரர் வருகிறதா என்று பார்க்கும் அசெர்ட்ரெய்ஸஸை வித் பிளாக்காக எழுதும்போது உள்ளே ஒரே வரி இருக்கட்டும். 1001 ஊற்றும் வரிக்குக் கீழே, அதே பிளாக்குக்குள், இருப்பு மாறவில்லையா என்று பார்த்தால் அந்தப் பார்வை நடக்கவே நடக்காது. எர்ரர் வந்த நொடியில் பிளாக் முடிந்துவிடுகிறது. அந்த வரியை இடப்பக்கம் தள்ளி வெளியே வைக்க வேண்டும். பைடெஸ்டின் ரெய்ஸஸுக்கும் இதே கதை.

இனி அந்தப் பொறி. டெஸ்ட் மெத்தடின் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘டெஸ்ட்’ என்று தொடங்கியே ஆக வேண்டும். ‘சோதனை_காலித்தொட்டி’ என்று முழுக்கத் தமிழில் வைத்தால் பைத்தான் மறுக்காது, யூனிட்டெஸ்ட் சீண்டாது. முன்னொட்டுக்குப் பிறகு தமிழ் தாராளமாக இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு மெத்தட் எழுதினாலும் இதே நிலைமை: முதலாவது சுவடில்லாமல் போகும். எத்தனை டெஸ்ட் ஓடியது என்ற எண்ணைப் பார்க்கும் பழக்கம் இரண்டிலிருந்தும் காக்கும். பைத்தான் 3.12-க்கு முன்பு, 0 டெஸ்ட் ஓடினாலும் கடைசியில் ‘ஓகே’ என்றுதான் போடும், 3.12 முதல் எந்த டெஸ்டும் ஓடவில்லை என்று சொல்லி 5 என்ற குறியீட்டோடு வெளியேறும்.

## பைடெஸ்ட்

பிப் மூலம் நிறுவ வேண்டும். ஐந்தில் இது ஒன்றுதான் வெளியிலிருந்து வருவது. பதிலுக்குக் கிடைப்பது: கிளாஸ் வேண்டாம், தனி மெத்தட் பெயர்கள் வேண்டாம், சாதாரண ஃபங்ஷனும் சாதாரண அசெர்ட்டும் போதும். டெஸ்ட் கோப்பில் இருக்கும் அசெர்ட்டை பைடெஸ்ட் உள்ளுக்குள் மாற்றி எழுதிக்கொள்வதால், தோற்கும்போது எந்த மதிப்பு எந்த அழைப்பிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும்.

தொட்டி போன்ற கிளாஸுக்கு உண்மையான லாபம் பாராமெட்ரைஸ், அதாவது ஒரே டெஸ்டைப் பல மதிப்புகளோடு ஓட்டுவது. தவறான அளவுகள் 0, −1, −500 என்று மூன்று. நிரப்பு, எடு என்று மெத்தட் இரண்டு. ஆறு டெஸ்டையும் ஒரே ஃபங்ஷனில் எழுதலாம், ஒன்று தோற்றாலும் மற்ற ஐந்தும் ஓடும். யூனிட்டெஸ்டில் சப்டெஸ்ட் இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டாது.

புதுத் தொட்டிக்கு ஃபிக்ஸ்சர், அதாவது டெஸ்டுக்குத் தேவையானதைச் செய்து தரும் ஃபங்ஷன். அதன் பெயரை டெஸ்ட் ஃபங்ஷனின் ஆர்க்யுமெண்டாக எழுதினால் போதும், ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாகச் செய்து கொடுக்கும். வேகத்துக்காக அதன் எல்லையை மாட்யூல் (கோப்பு முழுவதற்கும் ஒரே தொட்டி) என்று மாற்றாதீர்கள். ஒரு தொட்டி செய்வதற்கு ஆகும் நேரம் கணக்கில் வராது. பகிர்ந்த தொட்டியால் வரும் தலைவலி கணக்கில் வரும்.

மறைமுகச் செலவு கோப்பு அமைப்பில். தொட்டி கோப்பு மேல் ஃபோல்டரிலும் டெஸ்ட் கோப்பு உள் ஃபோல்டரிலும் இருந்தால், வெறும் பைடெஸ்ட் கட்டளை ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று விழலாம். அது தேடும் பாதையில் சேர்ப்பது டெஸ்ட் கோப்பு இருக்கும் ஃபோல்டரை. மேல் ஃபோல்டரை அல்ல. மேல் ஃபோல்டரில் நின்றுகொண்டு ‘பைத்தான் -எம் பைடெஸ்ட்’ என்று ஓட்டினால் நடப்பு ஃபோல்டரும் சேர்ந்துவிடும், சிக்கல் தீரும். முதல் நாளில் பலரையும் விரட்டியடிப்பது இந்த ஒரு எர்ரர்தான்.

ஏமாற்றுவது பெயரில். கோப்பின் பெயர் ‘டெஸ்ட்’ என்பதை அடுத்து அடிக்கோடு போட்டுத் தொடங்க வேண்டும், அல்லது அடிக்கோடு, டெஸ்ட் என்று முடிய வேண்டும். அடிக்கோடு இல்லாமல் சேர்த்து எழுதிய கோப்பை யூனிட்டெஸ்ட் கண்டுபிடிக்கும், பைடெஸ்ட் தானாகத் தேடும்போது கண்டுபிடிக்காது. டெஸ்ட்களை கிளாஸுக்குள் வைத்து அதற்கு ஒரு கன்ஸ்ட்ரக்டரும் எழுதினால், எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு அந்த கிளாஸை விட்டுவிடும்.

## யாருக்கு எது

கிளாஸ் இன்னும் வடிவத்துக்கு வரவில்லை, மெத்தட் பெயர்கள்கூட மாறிக்கொண்டிருக்கின்றன: பிரிண்ட்.

ஒரே கோப்பு, ஒருவாரப் பயிற்சி, பிறகு யாரும் திறக்கப் போவதில்லை: அசெர்ட், பத்து வரி.

மற்றவர்கள் இறக்கிப் பயன்படுத்தும் கிளாஸ்: டாக்ஸ்ட்ரிங்கில் டாக்டெஸ்ட் ஐந்து வரி, ஆனால் முழுச் சோதனையும் தனிக் கோப்பில்.

எதையும் நிறுவ அனுமதி இல்லாத கணினி, தேர்வுக்கூடம், அல்லது ஜாவாவும் கூடவே கற்கிறீர்கள்: யூனிட்டெஸ்ட்.

மற்ற எல்லாவற்றுக்கும் பைடெஸ்ட். யூனிட்டெஸ்டா பைடெஸ்டா என்று தடுமாறுகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. யூனிட்டெஸ்டில் எழுதியதை பைடெஸ்ட் அப்படியே ஓட்டும், கோப்பின் பெயரை மட்டும் அதன் விதிப்படி வைத்தால் போதும். டாக்டெஸ்டுகளையும் ஒரு கட்டளை விருப்பத்தில் சேர்த்து ஓட்டும். அதனால் யூனிட்டெஸ்டில் தொடங்கினால் உழைப்பு வீணாகாது; எதிர்த் திசையில்தான் வழி இல்லை. இவற்றில் எதை எடுத்தாலும் அடிக்கோடு போட்ட உள் மதிப்பை டெஸ்டிலிருந்து தொடாமல், ‘இருப்பு’ மெத்தட் வழியாகவே கேளுங்கள். நாளைக்கு லிட்டரை மில்லிலிட்டராக மாற்றும்போது டெஸ்ட்களைத் திருத்த வேண்டியிருக்காது.

## தேர்ந்தெடுத்த பிறகு ஒரு சோதனை

எல்லா டெஸ்டும் தேறியதும், கிளாஸை வேண்டுமென்றே மூன்று இடத்தில் கெடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாக, நடுவில் பழைய நிலைக்குத் திருப்பி.

ஒன்று: ‘நிரப்பு’ மெத்தடில் கொள்ளளவைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் > குறியை >= ஆக்குங்கள். சரியாக 1000 லிட்டர் ஊற்றும் டெஸ்ட் இருந்தால் மட்டுமே இது பிடிபடும். 300, 999, 1001 மூன்றையும் சோதித்தவர்களிடம்கூட இது தப்பிவிடும்.

இரண்டு: கூட்டும் வரியை, தாண்டுகிறதா என்று பார்க்கும் வரிக்கு மேலே நகர்த்தி, அந்த நிபந்தனை கூட்டிய பிறகு உள்ள இருப்பைப் பார்க்கும்படி மாற்றுங்கள். எர்ரர் வழக்கம்போல் வரும். ஆனால் இருப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். எர்ரருக்குப் பிறகு, வித் பிளாக்குக்கு வெளியே, இருப்பைக் கேட்கும் டெஸ்ட் மட்டுமே பிடிக்கும்.

மூன்று: உள் இருப்பை எண்ணாக இல்லாமல் ஒரு லிஸ்டின் கூட்டுத்தொகையாக எழுதி, அந்த லிஸ்டைக் கிளாஸின் உடம்பில் வையுங்கள். இரண்டு தொட்டி செய்து, ஒன்றில் ஊற்றிவிட்டு மற்றொன்று காலியா என்று பார்க்கும் டெஸ்ட் விழ வேண்டும்.

மூன்றில் எதையாவது கெடுத்த பிறகும் எல்லா டெஸ்டும் தேறினால், கருவியை மாற்ற வேண்டாம்; அந்த வரிக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.